ஒரு நாளைக்கு ஒரே ஒரு பக்கம்: பழைய தமிழ்ப் புத்தகங்களுக்காக நாம செய்யக்கூடிய சின்ன உதவி

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா கொஞ்சம் சுருக்கி, உப தலைப்புகள் சேர்த்திருக்கோம்.)

இன்னைக்கு ஒரு கேள்வியில இருந்து ஆரம்பிக்கலாம். நம்ம ஷோவுக்கு அடிக்கடி வர்ற மெசேஜ் இது: "எனக்குப் புத்தகம்னா உயிர். அந்த ஆசையை வச்சு நாலு பேருக்கு ஏதாவது நல்லது பண்ணணும். ஆனா வேலை முடிஞ்சு வீட்டுக்கு வரவே எட்டு மணி ஆகுது. என்ன பண்ணலாம்?"

இந்தக் கேள்விக்கு வழக்கமா வர்ற பதில் எல்லாமே கொஞ்சம் பெருசா இருக்கும். நூலகம் ஆரம்பிங்க, வாசகர் வட்டம் நடத்துங்க, ஆயிரம் புத்தகம் சேருங்கன்னு சொல்லுவாங்க. எல்லாம் நல்ல விஷயம்தான். ஆனா செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிக்கு, டின்னர் முடிச்சு சோஃபால உக்காந்திருக்கிற ஒருத்தரால அதை ஆரம்பிக்க முடியாது.

அதனால இன்னைக்கு நான் சொல்லப்போறது கால் மணி நேரத்துல முடியுற வேலை. பத்து பைசா செலவு இல்ல, வீட்டை விட்டு வெளிய போகவும் வேணாம். ஒரு பழைய தமிழ்ப் புத்தகத்தோட ஒரே ஒரு பக்கத்துக்கு மெய்ப்பு பார்க்கணும், அவ்ளோதான். "ப்ரூஃப் ரீடிங்கா? அதுல என்ன அன்பு இருக்கு?"ன்னு தோணும். கொஞ்சம் பொறுங்க, வர்றேன்.

படமா இருக்கிற புத்தகம், எழுத்தா இருக்கிற புத்தகம்

முதல்ல ஒரு அடிப்படை விஷயம். இணையத்துல பழைய தமிழ்ப் புத்தகங்கள் நிறைய கிடைக்குது. ஆனா அதுல பெரும்பாலானவை ஸ்கேன் பண்ண பிடிஎஃப். அதாவது, ஒவ்வொரு பக்கமும் ஒரு ஃபோட்டோ. நம்ம கண்ணுக்கு அதுல எழுத்து தெரியும். கம்ப்யூட்டருக்கு அதுவும் ஒண்ணுதான், நீங்க எடுத்த பிரியாணி ஃபோட்டோவும் ஒண்ணுதான். வெறும் புள்ளிகள்.

என் டீம்ல பார்வையில்லாத நண்பர் ஒருத்தர் இருக்கார். கோடிங்ல என்னைவிட வேகம். திரையில இருக்கிறதைச் சத்தமா படிச்சுக் காட்டுற ஸ்க்ரீன் ரீடர் வச்சுதான் எல்லா வேலையும் பண்ணுவார். ஒருநாள் ஒரு பழைய நாவலோட பிடிஎஃப் அனுப்பி, "இதுல என்னடா இருக்கு, கொஞ்சம் பாரு"ன்னு கேட்டார். திறந்து பார்த்தா இருநூறு பக்கத்துக்கு மேல முழு நாவல். "எல்லாம் இருக்கேப்பா"ன்னேன். அவர் சிரிச்சுட்டே சொன்னார்: "உனக்கு இருக்கு. எனக்கு இது காலி ஃபைல்னு சொல்லுதுடா."

பிரச்சினை இதுதான். புத்தகம் இலவசமா இருக்கு, ஆன்லைன்ல இருக்கு, ஆனா அவருக்கு மட்டும் இல்ல. அவருக்கு மட்டுமும் இல்ல. எழுத்தைப் பெருசாக்கிப் படிக்கிற தாத்தா பாட்டிங்க, தமிழ் பேசத் தெரிஞ்சும் படிக்கத் தெரியாத வெளிநாட்டுப் பிள்ளைங்க, ஃபோன்லயே எல்லாம் படிக்கிற நம்ம ஆளுங்கன்னு இவங்க எல்லாருக்குமே அந்த ஃபோட்டோ எழுத்தா மாறணும்.

ஸ்க்ரீன் ரீடர் மென்பொருளுக்குக் காசு வேணுமேன்னு கேட்டா, அந்தத் தடை எப்பவோ உடைஞ்சிடுச்சு. என்விடிஏ-ன்னு ஒரு மென்பொருள். 2006-ல மைக்கேல் கரன்னு ஒரு ஆஸ்திரேலியர் எழுத ஆரம்பிச்சார். அவருக்கே பார்வை கிடையாது. முழுக்க இலவசம், ஓப்பன் சோர்ஸ், தமிழும் படிக்கும். சட்டமும் வழி விட்டிருக்கு. பார்வையற்றோருக்குப் படிக்க வசதியான வடிவத்துல புத்தகங்களைக் கொடுக்கணும்னு 2013-ல மராகேஷ் ஒப்பந்தம் வந்துச்சு. அதுக்கு 2014-ல முதல் ஆளா ஒப்புதல் கொடுத்த நாடு இந்தியாதான்.

அப்போ கருவி இருக்கு, சட்டம் இருக்கு, புத்தகமும் இருக்கு. நடுவுல விட்டுப்போனது ஒண்ணுதான்: படத்துல இருந்து சரியான எழுத்து.

மெஷின் பண்ணிடாதா?

பண்ணும், ஓரளவுக்கு. படத்துல இருக்கிற எழுத்தைக் கண்டுபிடிக்கிற தொழில்நுட்பத்துக்குப் பேரு ஓசிஆர். தமிழுக்கு இப்போ நல்லாவே வேலை செய்யுது. ஆனா பழைய அச்சுப் புத்தகம்னு வந்தா தடுமாறும்.

ஏன்? முதல் காரணம், எழுத்து வடிவம். 1978-ல தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்துச்சு. அதுக்கு முன்னாடி ணை, லை, னை எல்லாம் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவோட அச்சாகும். ணா, றா, னாவுக்கும் தனி வடிவம் உண்டு. உங்க தாத்தா வீட்டுப் பரண்ல இருக்கிற புத்தகத்தை எடுத்துப் பாருங்க, புரியும்.

இரண்டாவது, ஒண்ணு மாதிரி இருக்கிற எழுத்துகள். 'ர'வும் துணைக்காலும் அச்சுல கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். அதனால 'மரம்' போய் 'மாம்' ஆயிடும். தேஞ்ச அச்சுல மெய்யெழுத்தோட புள்ளி காணாமப் போயிடும். இதையெல்லாம் ஸ்பெல் செக்கர் ஒருவழியா பிடிச்சுடும்னு வச்சுப்போம்.

ஆனா இன்னொண்ணு இருக்கு. 'ன்' எழுத்தும் 'ள்' எழுத்தும் மங்கின அச்சுல பாருங்க. 'அவள் அழுதாள்'னு இருக்கிறதை மெஷின் 'அவன் அழுதான்'னு படிச்சா, எந்த ஸ்பெல் செக்கரும் வாயைத் திறக்காது. ரெண்டுமே சரியான தமிழ்தானே! கண்ணால படிக்கிறவர் சந்தேகம் வந்தா மேல இருக்கிற படத்தை ஒருவாட்டி பார்த்துப்பார். காதால கேட்கிறவருக்கு அந்த வழி இல்ல. கதையில அழுதது யாருன்னே மாறிப்போச்சு, அது அவருக்குத் தெரியவும் தெரியாது.

தேடுறதுக்கும் இதே கதிதான். ஒரு புத்தகம் முழுக்க 'மரம்' எல்லாம் 'மாம்'னு இருந்தா, நீங்க 'மரம்'னு தேடும்போது அந்தப் புத்தகம் வரவே வராது. இருந்தும் இல்லாத மாதிரி.

"இப்பதான் ஏஐ வந்துடுச்சே, அதுகிட்ட கொடுத்தா திருத்திடாதா?" என் வேலையே அந்தப் பக்கம்தான், அதனால சொல்றேன். நல்லா திருத்தும். சில நேரம் ரொம்ப நல்லா திருத்திடும், அதுதான் சிக்கல். 1930-கள்ல ஒருத்தர் எழுதின வழக்குச் சொல் அதுக்குப் புரியலைன்னா, இன்னைக்கு நாம எழுதுற சொல்லை அங்க அழகா உக்கார வச்சுடும். படிக்க வழவழன்னு இருக்கும், ஆனா அந்த எழுத்தாளர் அப்படி எழுதவே இல்ல. அச்சுல இருக்கிறதோட ஒப்பிட்டு 'ஆமா, இதுதான்'னு கையெழுத்து போட ஒரு மனுஷக் கண் வேணும்.

இதை நீங்க ஏற்கனவே பண்ணிருக்கீங்க

ஒரு சுவாரஸ்யமான விஷயம். கொஞ்ச வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும், வெப்சைட்ல 'நீங்க ரோபோ இல்லைன்னு நிரூபிங்க'ன்னு சொல்லி, கோணல் மாணலா ரெண்டு வார்த்தை வரும், ஞாபகம் இருக்கா? அது ரீகேப்சா. 2007-ல லூயிஸ் வான் ஆன் என்ற கணினி விஞ்ஞானியும் அவர் குழுவும் அமெரிக்காவோட கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல உருவாக்கினது. 2009-ல கூகுள் வாங்கிடுச்சு.

அந்த ரெண்டு வார்த்தையில ஒண்ணுக்கு அதுக்கு விடை தெரியும். இன்னொண்ணு, பழைய பேப்பர்லயோ புத்தகத்துலயோ இருந்து ஓசிஆர் படிக்க முடியாம விட்டது. தெரிஞ்ச வார்த்தையை நீங்க சரியா அடிச்சா, தெரியாததையும் சரியா அடிச்சிருப்பீங்கன்னு நம்பிக்கை. பல பேர் ஒரே பதிலைச் சொன்னா அது உறுதி. நியூயார்க் டைம்ஸோட பழைய இதழ்கள் இப்படித்தான் எழுத்தாச்சு. கோடிக்கணக்கான பேர், ஒருத்தர் சில நொடி. ஆனா என்ன பண்றோம்னு யாருக்கும் தெரியல.

தெரிஞ்சே பண்ணினவங்களும் இருக்காங்க. 1971-ல இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்துல மைக்கேல் ஹார்ட்னு ஒரு மாணவர், அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தைத் தானே டைப் பண்ணி எல்லாருக்கும் கிடைக்கிற மாதிரி வச்சார். ப்ராஜெக்ட் குட்டன்பெர்க் அப்படித்தான் பிறந்துச்சு. ஆனா ஒரு ஆள் ஒரு முழுப் புத்தகத்தை டைப் பண்றது பெரிய வேலை. பாதியில விட்டா அந்தப் பாதியும் வீண். 2000-ல சார்லஸ் ஃப்ராங்ஸ் என்பவர் அந்த வேலையையே உடைச்சார். டிஸ்ட்ரிபியூட்டட் ப்ரூஃப்ரீடர்ஸ்னு ஒரு தளம் வந்துச்சு. புத்தகத்தைப் பக்கம் பக்கமா பிரிச்சு, ஆளுக்கு ஒரு பக்கம். 2002 நவம்பர்ல ஸ்லாஷ்டாட்னு ஒரு டெக் தளத்துல இதைப் பத்தி எழுதினதும் ஒரே நாள்ல 4000 பேருக்கு மேல சேர்ந்தாங்க.

நம்ம இன்ஜினியரிங் மூளைக்கு இது புரியும். பெரிய டாஸ்கைச் சின்னச் சின்ன டாஸ்கா உடைக்கணும். ஒவ்வொண்ணும் தனியா முடியணும், யாரும் யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது. நீங்க இன்னைக்கு ஒரு பக்கம் பார்த்துட்டு அடுத்த ஆறு மாசம் காணாமப் போனாலும், அந்தப் பக்கம் முடிஞ்சது முடிஞ்சதுதான்.

தமிழுக்கும் இது புதுசு இல்ல. 1998 பொங்கல் அன்னைக்கு மதுரைத் திட்டம் ஆரம்பிச்சுது. ஒவ்வொரு நாட்டுல இருந்த தமிழர்கள், ஒருத்தரை ஒருத்தர் நேர்ல பார்க்காமலே, மின்னஞ்சல் வழியா வேலையைப் பிரிச்சுக்கிட்டுச் சங்க இலக்கியத்துல இருந்து தட்டச்சு செஞ்சு, மெய்ப்பு பார்த்து ஏத்தினாங்க. யூனிகோட் தமிழ் பரவாத காலம் அது. நாம இன்னைக்கு ஃபோன்ல திருக்குறள் தேடினா உடனே வருதுன்னா, அதுக்குப் பின்னாடி அவங்க உழைப்பு இருக்கு.

விக்கிமூலம் எப்படி வேலை செய்யுது

இப்போ நாம எங்க போகணும்? விக்கிமூலம். விக்கிப்பீடியாவோட சகோதரத் திட்டம். இங்க கட்டுரை எழுத மாட்டாங்க, மூல நூல்களைச் சேர்ப்பாங்க. தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கின நூல்கள்ல 2000-க்கும் மேற்பட்டவை தமிழ் இணையக் கல்விக்கழகம் வழியா இங்க வந்திருக்கு. ஸ்கேன் இருக்கு, பல நூல்களுக்கு ஓசிஆர் எழுத்தும் இருக்கு. சரிபார்க்கத்தான் ஆள் வேணும்.

வேலை இதுதான்:

முதல்ல ஒரு கணக்கு தொடங்குங்க. கணக்கு இல்லாம பக்கத்தோட நிலையை மாத்த முடியாது.

அப்புறம் உங்களுக்குப் பிடிச்ச ஒரு நூலோட அட்டவணைப் பக்கத்துக்குப் போங்க. அங்க புத்தகத்தோட எல்லாப் பக்க எண்ணும் கட்டம் கட்டமா, நிறத்தோட இருக்கும். சிவப்புன்னா இன்னும் மெய்ப்பு பார்க்கலை. மஞ்சள்னா ஒருத்தர் பார்த்துட்டார். பச்சைன்னா ரெண்டாவது ஆளும் பார்த்து உறுதி பண்ணிட்டார்.

ஒரு சிவப்புப் பக்கத்தைத் திறந்து, தொகு அழுத்துங்க. ஒரு பக்கம் ஸ்கேன் படம், பக்கத்துலயே எழுத்து. வரிக்கு வரி ஒப்பிட்டுத் திருத்துங்க. வரிக் கடைசியில ரெண்டா உடைஞ்ச சொல்லைச் சேருங்க. மேல இருக்கிற பக்க எண், நூல் தலைப்பை மேலடிப் பெட்டியில போடுங்க. கீழ இருக்கிற மஞ்சள் பொத்தானைத் தேர்ந்தெடுத்துச் சேமிங்க. முடிஞ்சது.

தமிழ் டைப்பிங் வராதா? தளத்துலயே உள்ளீட்டுக் கருவி இருக்கு. கண்ட்ரோல் எம் அழுத்தினா மாறும். ஃபோன்ல படமும் எழுத்தும் ஒண்ணா பார்க்கிறது கஷ்டம், அதனால லேப்டாப் நல்லது. பழகினதும் எனக்கு ஒரு பக்கத்துக்குப் பத்துல இருந்து பதினஞ்சு நிமிஷம் ஆகுது.

ஒரு அழகான விதி: நீங்க மஞ்சளாக்கின பக்கத்தை நீங்களே பச்சையாக்க முடியாது. இன்னொருத்தர்தான் பண்ணணும். நம்ம வேலையில நம்ம கோடை நாமே அப்ரூவ் பண்ண முடியாத மாதிரி. அதனால பயப்படாம ஆரம்பிக்கலாம். உங்க கண்ணுக்குத் தப்பினது அடுத்த கண்ணுல மாட்டும். நீங்களும் யாரோ முகம் தெரியாத ஒருத்தரோட மஞ்சளைப் பச்சையாக்கலாம். பேசிக்காமலே ரெண்டு வாசகர்கள் ஒரே பக்கத்தை அவ்ளோ கவனமா படிச்சிருப்பாங்க.

இன்னொரு விதி, எனக்கு ரொம்பப் பிடிச்சது: அச்சுல உள்ளது உள்ளபடி. அந்தக் காலத்து எழுத்துக்கூட்டல் நமக்குத் தப்பாத் தெரிஞ்சாலும் மாத்தக் கூடாது. வாக்கியம் நீளமா இருக்கேன்னு உடைக்கக் கூடாது. கருத்து பிடிக்கலைன்னாலும் கை வைக்கக் கூடாது. எல்லாத்துக்கும் கமெண்ட் போட்டே பழகின நமக்கு, கால் மணி நேரம் நம்ம அபிப்பிராயத்தை ஓரமா வச்சுட்டு இன்னொருத்தர் சொன்னதை அப்படியே கேட்கிறது நல்ல பயிற்சி. அன்பா இருக்கிறதுன்னா இதுவும் ஒண்ணுதான்னு நினைக்கிறேன்.

பிடிஎஃப் ஷேர் பண்றதும் அன்பு தானே?

இதையும் பேசித்தான் ஆகணும். டெலிகிராம்ல, வாட்ஸ்அப்ல புது நாவலோட பிடிஎஃப் சுத்துது. அனுப்புறவங்க கெட்டவங்க இல்ல. "நல்ல புத்தகம், எல்லாரும் படிக்கட்டுமே"ன்னுதான் அனுப்புறாங்க. ஆனா அந்த அன்புக்கான செலவை ஏத்துக்கிறது அனுப்புறவர் இல்ல, எழுதினவர். தமிழ்ல எழுதிச் சம்பாதிக்கிறது எவ்ளோ கஷ்டம்னு நமக்குத் தெரியும்.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, இந்தியாவுல எழுத்தாளர் இறந்து, அதுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்துல இருந்து 60 ஆண்டு காப்புரிமை உண்டு. கல்கி 1954-ல காலமானார். 2014 முடியும்போது அந்தக் கணக்கு முடிஞ்சுது. ஆனா அவரோட எழுத்து அதுக்கு முன்னாடியே நம்ம எல்லாருக்கும் சொந்தமாயிடுச்சு. அதுதான் நாட்டுடைமை. அரசு, எழுத்தாளரோட வாரிசுகளுக்கு ஒரு தொகை கொடுத்துட்டு, நூல்களைப் பொதுச்சொத்தா அறிவிக்கும். பாரதியார்கிட்ட இருந்து ஆரம்பிச்ச வழக்கம் இது. அவரோட நூல்களோட உரிமையை 1949-ல சென்னை மாகாண அரசு வாங்குச்சு. அப்புறம் பாரதிதாசன், கல்கி, புதுமைப்பித்தன்னு நூறு பேருக்கு மேல.

நம்ம வரிப்பணத்துல வாங்கி நம்மகிட்ட கொடுத்த புத்தகங்கள் இவை. ஆனா 'நம்ம'ன்னு சொல்லும்போது, அதுல என் நண்பரும் வரணும் இல்லையா? நாட்டுடைமை ஆன புத்தகம் அவருக்குக் காலி ஃபைலா இருக்கிற வரைக்கும் அந்த வேலை பாதியிலதான் நிக்குது.

அதனால என் கணக்கு சிம்பிள்: உயிரோட இருக்கிற எழுத்தாளரோட புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குங்க, நண்பருக்கும் ஒரு பிரதி வாங்கிக் கொடுங்க. பழைய எழுத்தாளருக்கு ஒரு பக்கம் மெய்ப்பு பாருங்க.

கணக்கு போட்டுப் பார்க்கலாம்

200 பக்கப் புத்தகம்னு வச்சுப்போம். தினம் ஒரு பக்கம் நீங்க ஒருத்தரே பார்த்தா 200 நாள். பத்து பேர் சேர்ந்தா 20 நாள். இன்னொரு பத்து பேர் பின்னாடியே பச்சையாக்கிட்டு வந்தா, ஒரு மாசத்துக்குள்ள ஒரு புத்தகம் முழுசா முடியும். தனி ஆளா ஒரு வருஷம் விடாம பண்ணினா 365 பக்கம். ஒண்ணேமுக்கால் புத்தகம்! வாழ்நாள்ல ஒரு புத்தகத்தை உலகத்துக்குக் கொடுத்தேன்னு தைரியமா சொல்லிக்கலாம்.

முடிஞ்ச புத்தகத்தை இபப் வடிவத்துல இறக்கிக்கலாம். எழுத்தைப் பெருசாக்கலாம், ஸ்க்ரீன் ரீடர் படிக்கும், தேடினா கிடைக்கும்.

டைப்பிங்கே ஆகாதா? குரல் கொடுங்க. லிப்ரிவாக்ஸ்னு ஒரு தளம், 2005-ல கனடாவோட மான்ட்ரியல் நகரத்துல ஹ்யூ மெக்குவையர் ஆரம்பிச்சார். காப்புரிமை முடிஞ்ச நூல்ல ஒரு அத்தியாயத்தை நீங்க வாசிச்சுப் பதிவு பண்ணிக் கொடுக்கலாம். அங்கேயும் இதே தத்துவம்தான்: முழுப் புத்தகம் வேணாம், ஒரு அத்தியாயம் போதும்.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன். இதுக்குக் கைதட்டல் வராது. நீங்க திருத்தின பக்கத்தை யார் கேட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. நல்லா மெய்ப்பு பார்த்த பக்கத்துல, மெய்ப்பு பார்த்தவர் கண்ணுக்கே தெரிய மாட்டார். 'அவள் அழுதாள்'னு ஸ்க்ரீன் ரீடர் சரியா சொல்லும், கேட்கிறவர் கதைக்குள்ள போயிடுவார், அவ்ளோதான். அந்த 'ள்' உங்களாலதான் அங்க இருக்குன்னு அவருக்குத் தெரியாது.

சரி, இந்த வாரத்துக்கான வேலை. ஒரு கணக்கு தொடங்குங்க, ஒரு சிவப்புப் பக்கத்தை மஞ்சளாக்குங்க. முடிஞ்சா இன்னொருத்தரோட மஞ்சளைப் பச்சையாக்குங்க. எந்தப் புத்தகம், எத்தனையாவது பக்கம்னு எனக்கு எழுதி அனுப்புங்க. அதுல வர்ற உங்களுக்குப் பிடிச்ச ஒரு பழைய சொல்லையும் சேர்த்து அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல அந்தச் சொற்களைப் பத்திப் பேசலாம்.

அதுவரைக்கும், நல்லா படிங்க. பார்க்கலாம் மக்களே!